கிட்டார் வாசிக்கத் தெரியாத கிட்டார் மேதை லியோ ஃபெண்டர்



நம்ம அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, கோவில் பொங்கல் என்று எது நடந்தாலும் முதலில் வந்து இறங்குவது மைக் செட்தான். புளியமரத்துக் கொப்பில் குழாய் ஸ்பீக்கர் ஏறிய பிறகுதான் அது விசேஷ வீடு என்றே ஊருக்குத் தெரியும். இன்றைக்கு அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் டிரான்சிஸ்டரும் ஐ.சி.யும் இருக்கின்றன. ஒரு காலத்தில் கண்ணாடி வால்வுகள் இருந்தன. சுவிட்சைப் போட்டால் உடனே பாட்டு வராது. வால்வு சூடேறி, உள்ளே செவேலென்று இழை தெரிந்த பிறகுதான் சத்தம் வரும். நம் பாடப் புத்தகத்தில் அந்த வால்வுக்கு இப்போது இடமே கிடையாது.

ஆனால் உலகம் முழுக்க ஒரு கூட்டம் இன்னமும் வால்வை விடவில்லை. அதுதான் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்கள் கூட்டம். அறுபது வருஷத்துப் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று ரிப்பேர் ஆகிவிட்டால், புதுசு வாங்காமல் அதையே சரி செய்யச் சொல்லி மெக்கானிக்கைத் தேடி அலைகிறார்கள். அப்படி அவர்கள் கட்டிக் காக்கும் பெட்டிகளில் பலவற்றின் நெற்றியில் எழுதியிருக்கும் பெயர் ஃபெண்டர். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அவர் இஞ்சினியர் இல்லை. எலக்ட்ரானிக்ஸில் ஒரு வகுப்புகூடப் படித்தவர் இல்லை. இன்னும் வேடிக்கை, அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது!

தோட்டத்துப் பையன்

கிளாரன்ஸ் லியோனிடஸ் ஃபெண்டர் என்பது முழுப்பெயர். 1909 ஆகஸ்ட் 10ஆம் தேதி அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், அனாஹைம், ஃபுல்லர்டன் ஊர்களுக்குப் பக்கத்தில் பிறந்தார். அப்பா அம்மா ஆரஞ்சுத் தோட்டம் வைத்துப் பிழைத்த விவசாயிகள். எட்டு வயதில் லியோவின் இடது கண்ணில் ஒரு கட்டி வந்தது. கண்ணையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பதிலாகக் கண்ணாடிக் கண் வைத்தார்கள். வாழ்நாள் முழுக்க ஒற்றைக் கண்தான். நுணுக்கமான வயரிங் வேலையில் இறங்கிய மனிதருக்கு அது லேசுப்பட்ட குறையா? ஆனால் அதைக் காரணம் காட்டி அவர் எந்த வேலையையும் தள்ளிப் போடவில்லை.

பதின்மூன்று வயதிருக்கும்போது, கார்களுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கும் கடை வைத்திருந்த மாமா ஒருவர், வேண்டாமென்று ஒதுக்கிய ரேடியோ சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு அனுப்பி வைத்தார். அடுத்த வருஷம் அந்த மாமாவின் கடைக்கே போனான் பையன். வாசலில், மாமா தானே பழைய சாமான்களைக் கொண்டு செய்த ரேடியோ ஒன்று ஓங்கிப் பாடிக் கொண்டிருந்தது. அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிட்டது. ஊர் திரும்பியதும் வீட்டிலேயே ஒரு மூலையைப் பிடித்து, அக்கம்பக்கத்து ரேடியோக்களைப் பிரித்து மாட்ட ஆரம்பித்துவிட்டான்.

படித்தது கணக்கு, பிடித்தது ரேடியோ

1928இல் பள்ளிப் படிப்பு முடிந்தது. அடுத்து ஃபுல்லர்டன் ஜூனியர் காலேஜ். ஜூனியர் காலேஜ் என்றால் இரண்டு வருஷப் படிப்பு. நம் டிப்ளமோ மாதிரி, முழு டிகிரிக்குக் கீழே உள்ளது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் அவர் எடுத்த பாடம் கணக்கியல், அதாவது அக்கவுண்ட்ஸ். ரேடியோவை மட்டும் தானாகவே படித்துக் கொண்டே இருந்தார்.

படிப்பு முடிந்ததும் ஒரு ஐஸ் கம்பெனியில் சரக்குக் கொண்டுபோய்ப் போடும் வேலை, அப்புறம் அங்கேயே கணக்கு எழுதும் வேலை. இடையில் ஒரு பேண்டு வாத்தியக்காரர் கேட்டுக்கொண்டதால் நடன அரங்குகளுக்கு மைக் செட் செய்து கொடுத்தார். ஆக நம்ம ஊர் மைக் செட்காரர்களும் அவரும் ஒரே ஜாதி! 1934இல் எஸ்தர் என்பவரைத் திருமணம் செய்தார். மாநில நெடுஞ்சாலைத் துறையில் கணக்காளர் வேலை கிடைத்தது. அரசாங்க உத்தியோகம், இனி கவலை இல்லை என்று நினைத்திருப்பார். பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம் அது. அந்த வேலை போயிற்று. ஒரு டயர் கம்பெனியில் கணக்கு எழுதப் போனார். ஆறே மாதத்தில் அதுவும் போயிற்று.

மழை பொய்த்தால் விதைத்ததும் போச்சு, உழுத கூலியும் போச்சு என்று நம்ம கரிசல்காட்டுச் சம்சாரிக்குத் தெரியும். அடுத்தடுத்து இரண்டு வேலை போனவனின் நிலையும் அதேதான். அப்போது லியோவுக்கு வயது முப்பதைத் தொட்டுக் கொண்டிருந்தது.

அறுநூறு டாலர் கடனில் ஒரு கடை

1938இல் அறுநூறு டாலர் கடன் வாங்கினார். சொந்த ஊரான ஃபுல்லர்டனுக்குத் திரும்பி ஃபெண்டர் ரேடியோ சர்வீஸ் என்று ஒரு கடை திறந்தார். ரேடியோ, ரிக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிஃபயர் எது வந்தாலும் ரிப்பேர். மைக் செட் வாடகைக்கும் கொடுத்தார்.

இங்கேதான் நண்பர்களே நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ரிப்பேர் கடை என்றால் நம்மில் பலருக்கு இளக்காரம். இதுக்கா மூணு வருஷம் படிச்சே என்று வீட்டிலேயே கேட்பார்கள். ஆனால் பத்துக் கம்பெனிகளின் சரக்கு ஒரே மேஜையில் பிரித்துப் போடப்படும் இடம் ரிப்பேர் கடை ஒன்றுதான். எவன் செய்த டிரான்ஸ்ஃபார்மர் சூடாகிறது, எந்தக் கண்டென்சர் இரண்டு வருஷத்தில் ஒழுகுகிறது, எந்த ஜாக் ஆடிப்போகிறது எல்லாம் அங்கே தெரிந்துவிடும். லியோ அதைப் பத்து வருஷம் கண்ணாரக் கண்டார். பின்னால் அவர் செய்த சாமான்களில் அந்த அனுபவம் பளிச்சென்று தெரிகிறது. அவருடைய கிட்டாரின் கழுத்து பசை போட்டு ஒட்டப்படவில்லை. நாலு திருகில் நின்றது. கெட்டுப்போனால் கழற்றி வேறு மாட்டலாம். ஆம்ப்ளிஃபயருக்குள் பாகங்களை எல்லாம் ஒரே போர்டில் வரிசையாக, ஈயம் பற்ற வைக்கும் இரும்பு உள்ளே போகிற மாதிரி விட்டு விட்டு வைத்தார். எந்த இடத்தில் எந்த நம்பர் வால்வு என்ற சீட்டைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டினார். நாளைக்கு இதைத் திறக்கப் போகிற முகம் தெரியாத மெக்கானிக்கை மனசில் வைத்துக்கொண்டு செய்த வேலை அது.

கம்பெனி வளர்ந்த கதை

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் டாக் காஃப்மன் என்ற கலைஞரும் லியோவும் கூட்டுச் சேர்ந்தார்கள். இருவர் பெயரின் முதல் எழுத்துகளால் கே அண்ட் எஃப் என்ற கம்பெனி. மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரும் அதற்குச் சிறிய ஆம்ப்ளிஃபயரும் செய்தார்கள். 1946இல் காஃப்மன் விலகிக் கொண்டார். கடன், நஷ்டம் பயம் எல்லாவற்றையும் தனியே சுமந்து லியோ தன் பெயரிலேயே கம்பெனியைத் தொடர்ந்தார்.

அப்புறம் வந்தவை எல்லாம் வரலாறு. 1950இல் உள்கூடு இல்லாத, கெட்டி மரத்தில் செய்த எலக்ட்ரிக் கிட்டார் சந்தைக்கு வந்தது. முதலில் வைத்த பெயரை இன்னொரு கம்பெனி தன் டிரம்முக்கு ஏற்கெனவே வைத்திருந்ததால், 1951இல் டெலிகாஸ்டர் என்று மாற்றினார்கள். அதே 1951இல் பிரிசிஷன் பேஸ். ஆள் உயரப் பேஸ் வாத்தியத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. 1954இல் ஸ்ட்ராடோகாஸ்டர். இன்றைக்கு நம் திருவிழாக் கச்சேரி மேடையில் நிற்கும் கிட்டார்களில் பலவற்றின் உருவம் அதைப் பார்த்துச் செய்ததுதான்.

கிட்டார் பிடிக்கத் தெரியாதவர் இதை எல்லாம் எப்படிச் செய்தார்? செய்ததைத் தூக்கிக்கொண்டு வாத்தியக்காரர்களிடம் போவார். வாசித்துப் பார்க்கச் சொல்வார். குறை சொன்னால் திரும்பி வந்து மாற்றுவார். மறுபடி கொடுப்பார். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவனிடம் கேட்க அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை.

பெயரை மாற்றிப் போட்ட ஒரு விஷயம்

1955இல் ஃபெண்டர் கம்பெனி ட்ரெமலக்ஸ் என்ற ஆம்ப்ளிஃபயரைக் கொண்டு வந்தது. ஃபெண்டர் வரிசையில் ட்ரெமலோ உள்ளேயே அமைந்த முதல் மாடல் அது. வேறு சில கம்பெனிகள் அதற்கு முன்பே செய்திருந்தன.

ட்ரெமலோ என்றால் என்ன? ஓடுகிற ஃபேனுக்கு முன்னால் வாயை வைத்து ஆ என்று கத்திப் பார்க்காத பையன் நம்மில் யார்? சத்தம் துண்டு துண்டாக நடுங்கி வரும் அல்லவா? ஏறக்குறைய அதுதான் ட்ரெமலோ. சுருதி மாறாது. சத்தத்தின் அளவு மட்டும் நொடிக்கு நாலைந்து தடவை ஏறி இறங்கும். நாதஸ்வரத்தில் கமகம் கொடுத்து ஸ்வரத்தையே அசைக்கிறார்களே, அப்படிச் சுருதி அசைந்தால் அது விப்ராட்டோ. ஃபெண்டர் கம்பெனி இரண்டையும் மாற்றிப் பெயர் வைத்துவிட்டது! சுருதியை அசைக்கும் கிட்டார் கைப்பிடிக்கு ட்ரெமலோ என்றும், சத்தத்தை அசைக்கும் ஆம்ப்ளிஃபயர் குமிழுக்கு விப்ராட்டோ என்றும் அச்சடித்தார்கள். அந்தக் குழப்பம் இன்றுவரை தீரவில்லை. பழைய ஃபெண்டர் பெட்டியைத் திறப்பவர் இதை முதலில் மனசில் வைக்க வேண்டும்.

உள்ளே நடப்பது நம் சிலபஸில் உள்ள ஃபேஸ் ஷிஃப்ட் ஆசிலேட்டர்தான். 12ஏஎக்ஸ்7 என்ற இரட்டை வால்வில் ஒரு பாதி. மூன்று கண்டென்சர், மூன்று ரெசிஸ்டர். ஒவ்வொரு ஜோடியும் 60 டிகிரி திருப்பினால் மூன்றும் சேர்ந்து 180. வால்வு 180 திருப்பும். மொத்தம் 360, ஆசிலேஷன் கிளம்பிவிடும். ஒவ்வொன்றும் 1 மெகா ஓம், 0.01 மைக்ரோ ஃபாரட் என்று வைத்து நம் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 6.5 ஹெர்ட்ஸ் வரும். காதுக்கு இதமான ட்ரெமலோ வேகம் அதுதான்!

இந்த மெதுவான அலையைப் பாட்டோடு சேர்ப்பதில் இரண்டு வழிகளை முக்கியமாகச் சொல்லலாம். ஒன்று, பவர் வால்வின் பயாஸை ஆட்டுவது. மற்றது, 1963 வாக்கில் ஃபெண்டரின் பெரிய மாடல்களில் வந்த ஒளி வழி. ஆசிலேட்டர் அலையை வால்வின் மறுபாதி வாங்கி ஒரு சின்ன நியான் விளக்கைச் சிமிட்ட வைக்கும். நம் டெஸ்டருக்குள் மினுங்குகிறதே, அதே ஜாதி விளக்கு. அதற்கு எதிரே ஒரு எல்.டி.ஆர். இருட்டில் அதன் தடை மெகா ஓம் கணக்கில் இருக்கும். வெளிச்சம் பட்டால் சரிந்துவிடும். சரியும்போதெல்லாம் பாட்டு சிக்னலில் ஒரு பங்கு பூமிக்குப் போய்விடும், சத்தம் குறையும். முந்தைய மாடல்கள் சிலவற்றில் இதே வேலைக்குக் கூடுதல் வால்வுகள் தேவைப்பட்டன. இங்கே ஒரே வால்வு, ஒரு விளக்கு, ஒரு எல்.டி.ஆர். முடிந்தது கதை.

ட்ரெமலோ சொத்தையானால்?

பழைய பெட்டிகளில் அடிக்கடி வரும் புகார், ட்ரெமலோ இருக்கிறது ஆனால் உயிர் இல்லை என்பது. லியோ வளர்ந்த ரிப்பேர் மேஜை முறைப்படி இதை எப்படித் தேடுவது என்று பார்ப்போம்.

முதலில் உயிர்ப் பாதுகாப்பு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். அடித்தால் ஆள் காலி. பெரிய வாட் ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். கரண்ட் இருக்கும்போது அளந்தால் ஒரு கை பின்னால் இருக்கட்டும். தனியாக இருக்கும்போது இந்த வேலையே வேண்டாம்.

இரண்டாவது, முழுக்க இல்லையா, குறைவாக இருக்கிறதா என்று பிரியுங்கள். முழுக்க இல்லையென்றால் கால் சுவிட்ச் செருகியிருக்கிறதா, கிட்டார் விப்ராட்டோ சேனலில்தான் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பல ஃபெண்டர் மாடல்களில் கால் சுவிட்ச் மூலம் பூமி கிடைத்தால்தான் ஆசிலேட்டரே ஓடும்.

குறைவாக இருந்தால் அடுத்தது வால்வு. மூன்று பாகங்களும் சமம் என்று வைத்தால் அவை சிக்னலில் 29இல் ஒரு பங்கைத்தான் திருப்பித் தரும். ஆகவே வால்வு 29 மடங்காவது பெருக்கியாக வேண்டும். நல்ல 12ஏஎக்ஸ்7 இந்த மாதிரி சர்க்யூட்டில் ஐம்பது மடங்கு சாதாரணமாகப் பெருக்கும். கிழட்டு வால்வில் அந்த மிச்சம் கரைந்துவிடும். அலை சின்னதாகும், இல்லையென்றால் நின்றே போகும். அதே நம்பர் வால்வு பக்கத்திலேயே வேறு வேலைக்கும் இருக்கும். அணைத்து, ஆறவிட்டு, இடம் மாற்றிப் பாருங்கள். காசு செலவில்லை.

அடுத்து, கோளாறை இரண்டாகப் பிளக்க வேண்டும். ஒளி வழி மாடலானால் கறுப்பு உறையைப் பிரித்து இருட்டில் நியானைப் பாருங்கள். பளிச்சென்று சிமிட்டுகிறது, ஆனால் சத்தம் அசையவில்லை என்றால் தப்பு எல்.டி.ஆர். பக்கம் அல்லது இன்டென்சிட்டி குமிழில். விளக்கே மங்கல் என்றால் விளக்குக்கு வயதாகியிருக்கும், இல்லையென்றால் தப்பு ஆசிலேட்டர் பக்கம். சோதிக்கும்போது மேஜை விளக்கு எல்.டி.ஆர். மேல் படக்கூடாது. பட்டால் அது எப்போதும் பாதி விழித்தே கிடக்கும், ட்ரெமலோ குறைந்துதான் கேட்கும்.

ஆசிலேட்டர் பக்கம் போனால் பழைய ஊசி மீட்டர்தான் நல்லது. பிளேட்டில் வைத்தால் வேகம் குறைவாக உள்ளபோது ஊசி ஆடுவதைக் கண்ணால் பார்க்கலாம். டிஜிட்டல் மீட்டரில் நம்பர்கள் குதிக்குமே தவிர ஒன்றும் புரியாது. கேதோடு கண்டென்சர் காய்ந்து போயிருந்தால் பெருக்கம் குறையும். இந்த வயதுப் பெட்டிகளில் அதைக் கேள்வி கேட்காமல் மாற்றிவிடலாம். பிளேட் ரெசிஸ்டர் மதிப்பு ஏறியிருக்கிறதா, மூன்று கண்டென்சர்களில் ஏதாவது ஒழுகுகிறதா என்பதையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பயாஸ் ஆட்டும் மாடலில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பவர் வால்வில் கரண்டை அதிகமாக வைத்துவிட்டால், ஆசிலேட்டர் அலை எவ்வளவு தள்ளினாலும் வால்வு அணையும் எல்லைக்குப் போகாது. ட்ரெமலோ மேலோட்டமாகவே கேட்கும். பாகம் ஒன்றும் கெட்டிருக்காது, வைத்த அளவுதான் தப்பு. இதைத் தெரியாமல் பத்துப் பாகங்களை மாற்றியவர்கள் உண்டு.

விற்றார், பிழைத்தார், மறுபடி வந்தார்

அறுபதுகளில் லியோவின் உடம்பு படுத்தியது. ஒரு தொற்று நோய் விடாமல் பிடித்துக்கொண்டது. இனி அதிக நாள் இல்லை என்று அவரே முடிவு கட்டிவிட்டார். 1965இல் தன் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். அறுநூறு டாலர் கடனில் தொடங்கியவருக்கு இது பெரிய தொகைதான். ஆனால் தன் பெயரையே விற்றாயிற்று. இனி அவர் எதைச் செய்தாலும் அதில் ஃபெண்டர் என்று போட முடியாது.

அதன் பிறகுதான் வேடிக்கை நடந்தது. வேறொரு டாக்டரின் வைத்தியத்தில் நோய் குணமாகிவிட்டது! கையில் பணம், உடம்பில் தெம்பு, பெயர் மட்டும் அடுத்தவரிடம். வேறு ஆளாயிருந்தால் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார், அல்லது அவசரப்பட்டு விட்டோமே என்று புலம்பியே காலம் தள்ளியிருப்பார். இவர் 1975இல் மியூசிக் மேன் என்ற கம்பெனிக்குத் தலைவரானார். 1979இல் மனைவி எஸ்தர் இறந்தார். 1980இல் மறுமணம். அந்தச் சமயத்தில், பழைய சகா ஜார்ஜ் ஃபுல்லர்டனோடு சேர்ந்து ஜி அண்ட் எல் என்ற கம்பெனி. ஜார்ஜ், லியோ என்ற பெயர்களின் முதல் எழுத்துகள் அவை. எழுபது வயதில் புதுக் கம்பெனி!

கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோய் வந்தது. கை நடுங்கும் நோய். ஒற்றைக் கண்ணும் நடுங்கும் கையுமாக அப்போதும் பட்டறைக்குப் போய் வேலை பார்த்தார். 1991 மார்ச் 21ஆம் தேதி, தன் 81ஆம் வயதில் காலமானார். 1992இல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அங்கே இடம்பெற்ற மற்றவர்களில் பெரும்பாலோர் பாடியவர்கள், வாசித்தவர்கள். இவர் ரிப்பேர் பார்த்தவர்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

சக மாணவர்களே! நம்மில் சிலர் மேற்கொண்டு பி.இ. போவோம். சிலர் மில்லுக்கோ, சென்னைக்கோ, வெளிநாட்டுக்கோ போவோம். எங்கேயும் போக முடியாமல் இந்த வானம் பார்த்த பூமியிலேயே நிற்கிறவர்களும் இருப்போம். அந்தக் கடைசி வகையில் நின்றுவிட்டால் வாழ்க்கை முடிந்தது என்று நினைப்பதுதான் நம்மிடம் உள்ள பெரிய கோளாறு. லியோவும் வேலை போய்ச் சொந்த ஊருக்குத் திரும்பியவர்தான். திரும்பி வந்து அவர் செய்தது ஒன்றே ஒன்று. அடுத்தவர் செய்த பொருளைத் திறந்து, அது ஏன் கெட்டது என்று விடாமல் கேட்டார். கேட்ட கேள்விக்கெல்லாம் தன் பொருளில் பதில் வைத்தார்.

எல்லோரும் கிட்டார் கம்பெனி தொடங்கிவிட மாட்டோம். ஆனால் லேபில் சர்க்யூட் வேலை செய்யவில்லை என்றால் உடனே பக்கத்து டேபிள் ரீடிங்கைப் பார்த்து எழுதும் பழக்கத்தை இந்த வருஷத்தோடு விட்டுவிடலாம். சப்ளை வருகிறதா, பாதி வழியில் சிக்னல் இருக்கிறதா, எந்தப் பாதியில் தொலைந்தது என்று தேடுங்கள். அரை மணி நேரம் போனாலும் பரவாயில்லை. வேலை செய்த சர்க்யூட் நமக்கு மார்க்கு தரும். வேலை செய்யாத சர்க்யூட்தான் தொழிலைக் கற்றுத் தரும்.